வலெட்டாவின் ஒடுங்கிய தெரு

கப்பலில் வேலை பார்ப்பவனுக்கு எந்த ஊரும் துறைமுகத்திலிருந்துதான் தொடங்கும். 1980களின் நடுவில் எங்கள் கப்பல் பழுதுபார்ப்புக்காக மால்டா தீவின் கிராண்ட் ஹார்பருக்குள் நுழைந்தது. வலப்பக்கம் கடலிலிருந்து செங்குத்தாக எழுந்த தேன்நிறக் கோட்டைச் சுவர்கள். அவற்றுக்கு மேலே தேவாலயக் கோபுரங்கள், பெட்டி பெட்டியாகத் தொங்கும் மரப் பால்கனிகள். அதுதான் வலெட்டா, மால்டாவின் தலைநகரம். தூத்துக்குடிக்காரனான நான் அப்போது மூன்றாம் எஞ்சினியர். எதிர்க்கரையில் இருந்த டிரை டாக்கில் கப்பல் ஏறியது. மாலையில் வேலை முடிந்ததும் 'தைசா' எனப்படும் சிறு படகில் அக்கரை போவேன். படி ஏறி ஊருக்குள் போய், இருட்டும்வரை நடப்பேன்.

என்னோடு பிஸ்டன் கழற்றிய மால்டாக்கார ஃபிட்டர் ஒருவர் ஊரில் பார்க்க வேண்டியவற்றை எல்லாம் வரிசையாகச் சொன்னார். கதீட்ரல், மாளிகை, தோட்டம், நூலகம். பல நாள் பழகிய பிறகுதான், தன் தகப்பனார் ஸ்ட்ரெயிட் தெருவில் டிரம்பெட் வாசித்தவர் என்று எஞ்சின் அறையில் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "எங்க வீட்டுக்கு வந்தா அதைப் பத்திப் பேசிடாதீங்க" என்று கேட்டுக்கொண்டார். அப்பா இசைக்கலைஞர் என்பதை மறைக்க வேண்டிய அளவுக்கு அந்தத் தெருவின் மேல் என்ன பழி என்று தேடத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரைக்கு மூலம்.

ஊர்களின் இரவு வாழ்க்கையைக் கேளிக்கையின் கணக்கில்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். அதை உழைப்பின் கணக்கில் எழுத வேண்டும் என்பது என் கட்சி. வலெட்டாவைவிட அதற்கு நல்ல சாட்சி கிடையாது.

இந்த ஊர் போரில் பிறந்தது. 1565இல் ஒட்டோமான் படை மால்டாவை முற்றுகையிட்டது. தீவை ஆண்ட புனித யோவான் சபை வீரர்களும் தீவின் மக்களும் மே முதல் செப்டம்பர் வரை தாக்குப்பிடித்தார்கள். முற்றுகை விலகிய மறு ஆண்டே, 1566 மார்ச் 28 அன்று, சபைத் தலைவர் ஜான் த வலெட் புதிய ஊருக்கு அடிக்கல் நாட்டினார். ஊருக்கு அவர் பெயரே நின்றது. போப் அனுப்பிய இத்தாலியக் கோட்டைப் பொறியாளர் பிரான்செஸ்கோ லாபரெல்லி வரைபடம் போட்டார். அவருக்குப் பின் மால்டாவைச் சேர்ந்த ஜிரோலமோ கசார் கட்டடங்களை எழுப்பினார். 1571இல் தலைநகரம் முறைப்படி இங்கே இடம்பெயர்ந்தது.

லாபரெல்லி நூல் பிடித்தாற்போல் தெருக்களைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டார். அந்த நேர்கோடுகளில் கடற்காற்று ஊருக்குள் ஓடும். வீடு கட்டுவோருக்குக் கடுமையான விதிகள் இருந்தன. ஒவ்வொரு வீட்டிலும் பாறையைக் குடைந்து மழைநீர்த் தொட்டி அமைக்க வேண்டும், கழிவு பொதுச் சாக்கடையில் சேர வேண்டும், தெருமுனை வீடுகள் மூலையை அலங்கரிக்க வேண்டும். குன்றின் முகட்டைச் செதுக்கிச் சமமாக்கிவிட்டு ஊரை எழுப்புவதாகத்தான் முதலில் திட்டம். மறுபடியும் படையெடுப்பு வந்துவிடுமோ என்ற அச்சத்தில் அந்த வேலை பாதியில் நின்றது. அதனால்தான் குறுக்குத் தெருக்கள் பல இன்றும் படிக்கட்டுகளாக இறங்குகின்றன. கவிஞர் பைரன் 1811இல் மால்டாவுக்கு விடை சொல்லி எழுதிய கவிதையில் இந்தப் படித்தெருக்களைத் திட்டித் தீர்த்திருக்கிறார். டிரை டாக்கில் பகல் முழுக்க ஏணி ஏறி இறங்கிய கால்களோடு அவற்றில் ஏறிய எனக்கு அவருடைய கோபம் நன்றாகவே புரிந்தது.

யார் இந்த ஊரைச் செதுக்கியது? சுற்றுலாக் கையேடுகள் பொறியாளர்களின் பெயரோடு நின்றுவிடும். சபையின் போர்ப் படகுகளில் துடுப்பு வலித்தவர்களில் பலர் சிறைபிடிக்கப்பட்ட அடிமைகள். கரையில் கடும் உடலுழைப்பும் அவர்கள் தலையில் விழுந்தது. அவர்களை அடைத்துவைக்க வலெட்டாவிலேயே ஒரு பெரிய சிறை இருந்தது. 1749இல் முஸ்லிம் அடிமைகள் சபைக்கு எதிராகத் திட்டமிட்ட கிளர்ச்சி முன்கூட்டியே அம்பலமானது. பலர் கொடூரமாகக் கொல்லப்பட்டார்கள்.

புனித யோவான் கதீட்ரலுக்குள் போகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பார்கள். 1661 முதல் ஐந்தாண்டுகளில் மத்தியா பிரேட்டி தீட்டிய கூரை அப்படி ஈர்க்கும். தரையில் சபை வீரர்களின் கல்லறைப் பலகைகள் சுமார் 400, வண்ணச் சலவைக்கல்லில் எலும்புக்கூடுகளும் சின்னங்களும் பதித்தவை. பக்கத்து அறையில் காரவாஜியோவின் 'யோவானின் சிரச்சேதம்', 1608இல் தீட்டியது. அவர் கையெழுத்திட்ட ஒரே ஓவியம் அதுதான். வெட்டுண்ட கழுத்திலிருந்து வழியும் குருதியிலேயே தன் பெயரை எழுதியிருக்கிறார். அதே ஆண்டு அவரைச் சபை வீரராக ஏற்றுக்கொண்டார்கள். ஒரு சண்டையில் சிக்கியதால் சிறையில் அடைத்தார்கள். அவர் தப்பி ஓடிய பிறகு, அந்த ஓவியம் தொங்கும் அறையிலேயே கூடி அவரைச் சபையிலிருந்து நீக்கினார்கள்.

இத்தனையும் பார்த்த பிறகு, அரகோன் சிற்றாலயத்தில் நிக்கோலாஸ் கோட்டோனர் என்ற சபைத் தலைவரின் நினைவுச் சின்னத்தின் முன் நான் நெடுநேரம் நின்றேன். அவருடைய வெற்றிச் சின்னங்களை இரண்டு அடிமைகள் முதுகு வளைந்து தாங்குகிறார்கள். ஒருவர் ஆப்பிரிக்கர், மற்றவர் துருக்கியர். இந்த ஊரை யார் சுமந்தார்கள் என்பதைச் சிற்பி பளிங்கிலேயே பதிந்துவிட்டார். அவ்விருவருக்கும் பெயர் இல்லை.

இப்போது தெருவுக்கு வருவோம். ஊரின் முதுகெலும்பு ரிபப்ளிக் தெரு. அதற்கு இணையாக, ஒரு வரிசை வீடுகளுக்கு அப்பால் ஓடுவது ஸ்ட்ரெயிட் தெரு. இத்தாலிய மொழி கோலோச்சிய காலத்தில் ஸ்ட்ராடா ஸ்ட்ரெட்டா. இரண்டுக்கும் ஒடுங்கிய தெரு என்றே பொருள். எதிரெதிர் பால்கனிகளில் நிற்பவர்கள் குரல் உயர்த்தாமலே பேசிக்கொள்ளலாம். நண்பகல் தவிர வெயில் கீழே இறங்காது.

இதன் முதல் புகழ் வாட்சண்டை. 1770களில் மால்டாவைப் பற்றி எழுதிய ஸ்காட்லாந்துப் பயணி பேட்ரிக் பிரைடோன் இதைப் பதிவு செய்திருக்கிறார். சபை வீரர்கள் தங்கள் மானப் பிரச்சினைகளை இந்த ஒரு தெருவில் மட்டும் வாளால் தீர்த்துக்கொள்ளலாம். வேறெங்கே செய்தாலும் கடும் தண்டனை. ஒரு பெண்ணோ பாதிரியாரோ இன்னொரு வீரரோ நிறுத்தச் சொன்னால் வாளை உறையில் போட்டுவிட வேண்டும். வீரர் ஒருவர் இறந்த இடத்தில் சுவரில் சிலுவை தீட்டுவார்களாம். ஊரின் ஒழுங்குக்குள் அடங்காத ஒன்றை ஒரே சந்தில் ஒதுக்கிவைத்து, அது அங்கே நடப்பதைக் காணாததுபோல் இருப்பது இப்படித்தான் தொடங்கியது. ஆட்சி மாறியபோதும் அந்தப் பழக்கம் மாறவில்லை.

1798 ஜூனில் நெப்போலியன் வந்தார், சபை வெளியேறியது. இரண்டே ஆண்டுகளில் பிரெஞ்சுக்காரர்களும் சரணடைய, பிரிட்டிஷார் உள்ளே வந்தார்கள். 1814இல் பாரிஸ் ஒப்பந்தப்படி மால்டா பிரிட்டிஷ் உடைமை ஆனது. கிராண்ட் ஹார்பர் பிரிட்டனின் மத்தியதரைக் கடற்படைக்குத் தாய்த் துறைமுகம். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் கீழைத் திசைக் கப்பல்கள் நிலக்கரிக்காக இங்கே நின்றன. நம் ஊர் ஆட்களும் வந்தார்கள். 1878இல் ரஷ்யாவை மிரட்ட பிரிட்டிஷ் பிரதமர் டிஸ்ரேலி சுமார் 7,000 இந்தியச் சிப்பாய்களை மால்டாவுக்கு வரவழைத்தார். அவர்களில் மதராஸ் காலாட்படைப் பிரிவு ஒன்றும் மதராஸ் சாப்பர்கள் எனப்படும் பொறியியல் படையினரும் உண்டு.

கப்பல் நின்றால் கடை வரும். மேல்தெருவில் வெள்ளிக் கம்பியைப் பின்னி எட்டு முனை மால்டா சிலுவை செய்யும் நகைத் தொழிலாளர்கள் இருந்தார்கள். 1861இல் இரும்புத் தூண்களும் உத்தரங்களும் நிறுத்திய கூரைச் சந்தை திறந்தது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் சிந்து மாகாணத்து ஹைதராபாத்திலிருந்து வந்த வணிகர்கள் கடை விரித்து, இறங்கிய பயணிகளுக்குப் பட்டும் கலைப்பொருட்களும் விற்றார்கள். அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் மால்டாவின் குடிமக்கள்.

கடைச் சரக்குகளில் பெயர்பெற்றது லேஸ். சிறு மரக் கட்டைகளில் நூலைச் சுற்றி, தலையணைமேல் குத்திய ஊசிகளுக்கு இடையே பின்னுவது. 1830களில் புத்துயிர் பெற்ற இந்தத் தொழில் கோசோ தீவின் வீடுகளில் பரவியது. வாசலில் உட்கார்ந்து பின்னியவர்கள் ஏழைப் பெண்கள். நூலகத்தின் முன் சதுக்கத்தில் 1891இல் நிறுவிய விக்டோரியா அரசியின் பளிங்குச் சிலையைக் கவனித்துப் பாருங்கள். அவர் மடிமேல் மால்டா லேஸ் சால்வை விரிந்திருக்கும். பல பெண்களின் கண்ணொளியைத் தின்ற வேலைப்பாட்டுக்கு அந்த ஊர் எழுப்பிய நினைவுச் சின்னம், ஓர் அரசியின் மடியில் கிடக்கிறது.

கடற்படை வந்ததோடு ஸ்ட்ரெயிட் தெருவின் அடுத்த பிறவி தொடங்கியது. ஆங்கிலேய மாலுமிகள் அதற்கு 'தி கட்', அதாவது குடல் என்று பெயர் வைத்தார்கள். கோட்டை நோக்கி இறங்கும் கீழ்ப்பாதியில் மதுக்கடைகள், நடன அரங்குகள், மலிவான தங்கும் விடுதிகள், முட்டையும் உருளைக்கிழங்கு வறுவலும் தரும் சாப்பாட்டுக் கடைகள். எகிப்தியன் குவீன், ஸ்பிளெண்டிட், ஸ்மைலிங் பிரின்ஸ், புளூ பீட்டர் என்றெல்லாம் பலகைகள். கப்பற்படை நங்கூரம் போட்ட இரவுகளில் வெள்ளைச் சீருடையைத் தவிர வேறொன்றும் தெரியாது என்பார்கள். பின்னாளில் அமெரிக்காவின் ஆறாம் கப்பற்படை ஆட்களும் சேர்ந்துகொண்டார்கள்.

இந்த வியாபாரம் நடந்த முறையைச் சொல்ல வேண்டும். மதுக்கடைப் பெண்களின் வரும்படி பெரும்பாலும் கமிஷன்தான். மாலுமி அவளுக்கென்று ஒரு கிண்ணம் வாங்கித் தருவான். அதில் இருப்பது பெரும்பாலும் நிறம் கலந்த தண்ணீர், விலை மட்டும் மதுவின் விலை. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் அவளுக்கு ஒரு டோக்கன். கடை மூடியதும் டோக்கன்களை எண்ணிக் காசு வாங்கிக்கொள்ள வேண்டும். இரவெல்லாம் சிரித்துப் பேசுவதும், குடித்தவனைச் சண்டை போடாமல் அமர்த்துவதும், அவன் ஊர்க்கதையைக் கேட்பதும்தான் வேலை. கணவனை இழந்தவர்கள், குடும்பத்தின் ஒரே வருமானமாக இருந்தவர்கள் அங்கே நின்றார்கள். உடலை விற்கும் கட்டாயத்தில் இருந்த பெண்களும் இருந்தார்கள். ஊர் எல்லோரையும் ஒரே பெயரில் அழைத்தது.

அரசு அதைச் சட்டத்தாலும் செய்தது. 1861இல் மால்டாவில் வந்த சட்டம், பாலியல் தொழிலில் உள்ள பெண்களைக் கட்டாய மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தியது. மூன்றாண்டுகளில் இங்கிலாந்திலும், 1868இல் இந்தியாவிலும் அதே வகைச் சட்டங்கள் வந்தன. சோதனை பெண்ணுக்கு மட்டும்தான். அவளிடம் வந்த சிப்பாய்க்கும் மாலுமிக்கும் சட்டத்தில் எந்தக் கட்டாயமும் இல்லை. மதராஸ் கண்டோன்மெண்டில் நடந்த அநீதியும் வலெட்டாவில் நடந்த அநீதியும் ஒரே பேரரசின் கையெழுத்து.

இசைக்கு வருகிறேன். மால்டாவில் ஊருக்கு ஊர் பேண்ட் கிளப் உண்டு. தேவாலயத் திருவிழாவில் ஊர்வலத்துக்கு வாசிக்கும் பையன்கள் அங்கே முறையாக நொடேஷன் படித்தவர்கள். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே ஜாஸ் வந்தபோது, ஸ்ட்ரெயிட் தெரு அரங்குகளின் வாத்தியக்குழுக்களில் அவர்களே உட்கார்ந்தார்கள். பகலில் துறைமுகப் பட்டறையில் வேலை, இரவில் சாக்ஸபோன். பெண் வேடமிட்டுப் பாடிய ஆண் கலைஞர்களுக்கும் இங்கேதான் மேடை கிடைத்தது. இரவில் அவர்களுக்குக் கைத்தட்டிய ஊரில், பகலில் அவர்களுக்கு ஏச்சுதான்.

இதே ஊரில் 1732இல் தொடங்கிய மனோயல் அரங்கம் இன்றும் நடக்கிறது. நகர வாசலருகே எட்வர்ட் மிடில்டன் பேரி வடிவமைத்த ராயல் ஓபரா ஹவுஸ் 1866இல் திறந்தது. அங்கே பாடியவர்களின் பெயர்கள் ஆவணங்களில் கிடக்கின்றன. கீழ்த்தெருவில் வாசித்தவர்களின் பெயர்கள் குடும்பங்களுக்குள்ளேயே புதைந்தன.

இரண்டாம் உலகப் போர் மேல்தெரு, கீழ்த்தெரு பார்க்கவில்லை. 1942 ஏப்ரல் 7 அன்று குண்டு விழுந்து ஓபரா ஹவுஸ் இடிந்தது. அடுத்த வாரம், 15ஆம் தேதி, மன்னர் ஆறாம் ஜார்ஜ் தீவு முழுமைக்கும் ஜார்ஜ் கிராஸ் விருது வழங்கினார். ஆகஸ்டில் 'ஒஹாயோ' என்ற எண்ணெய்க் கப்பல் இரண்டு பக்கமும் போர்க்கப்பல்கள் அணைத்துப் பிடிக்க, மூழ்கும் நிலையில் துறைமுகத்துக்குள் வந்து சேர்ந்ததால்தான் தீவு பிழைத்தது. அந்தப் பயணத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம், அதன் எஞ்சின் அறையில் நின்றவர்களை நினைத்து எனக்கு நெஞ்சு அடைக்கும்.

போருக்கு முன் மால்டாவுக்கு நடனமாட வந்த கிறிஸ்டினா ராட்கிளிஃப் என்ற ஆங்கிலேயப் பெண் அந்தப் போரின் முற்றுகையில் மாட்டிக்கொண்டார். சக கலைஞர்களோடு குழு அமைத்து முகாம் முகாமாக ஆடினார். பிறகு பாறைக்கு அடியிலிருந்த போர் அறையில், வரும் விமானங்களின் இடத்தை வரைபடத்தில் குறிக்கும் வேலையில் சேர்ந்தார். பிரிட்டிஷ் எம்பையர் பதக்கம் பெற்றார். நடன அரங்கிலிருந்து வந்த ஒரு பெண் தீவின் வானத்தைக் காத்தவர்களில் ஒருவர் என்பதை, அந்தத் தொழிலை இழிவாகப் பேசுகிறவர்கள் மறந்துவிடக் கூடாது.

1950களின் இறுதியிலிருந்து கடற்படை சுருங்கியது. 1964 செப்டம்பர் 21 அன்று மால்டா விடுதலை பெற்றது. 1979 மார்ச் 31 அன்று கடைசி பிரிட்டிஷ் படையும் வெளியேறியது. நாட்டுக்கு அது பெருமைநாள், இன்றும் விடுமுறை. ஸ்ட்ரெயிட் தெருவுக்கு அது கடையடைப்பு நாள். நான் நடந்தபோது பூட்டிய கதவுகள், உப்புக்காற்றில் உரிந்த பலகைகள், பூனைகள். ஓய்வூதியம் என்ற பேச்சே இல்லாமல் அந்தப் பெண்கள் வயதானார்கள். சில குடும்பங்கள் புகைப்படங்களைக்கூட வைத்துக்கொள்ளவில்லை.

பழி நீங்க ஒரு தலைமுறை பிடித்தது. மால்டாப் பத்திரிகையாளர் ஜார்ஜ் சினி, அங்கே வேலை பார்த்த முதியவர்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் சொன்னதைப் புத்தகமாக்கினார். தொல்லியலாளர் ஜான் ஸ்கோஃபீல்டும் எமிலி மோரிசியும் 2013இல் இந்தத் தெருவைப் பற்றி நூல் வெளியிட்டார்கள். கோட்டையை ஆராய்வதுபோலவே ஒரு மதுக்கடையின் மேசையையும் பெயர்ப்பலகையையும் ஆராய்ந்தார்கள். இந்த இருவகை வேலையும் வரலாற்றுக்குச் செய்த நீதி என்று நான் சொல்வேன். 2018இல் வலெட்டா ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரமாக இருந்தபோது தெருவில் மீண்டும் இசை கேட்டது.

ஓய்வு பெற்ற பிறகு மனைவியோடு போனேன். நகர வாசலில் கட்டடக் கலைஞர் ரென்ஸோ பியானோ கட்டிய புது நாடாளுமன்றம். ஓபரா ஹவுஸின் இடிபாடுகளை மறைக்காமல், அவற்றுக்குள்ளேயே 2013இல் திறந்தவெளி அரங்கம் அமைத்திருக்கிறார். பழைய கூரைச் சந்தை உணவுக்கூடமாகியிருந்தது. ஸ்ட்ரெயிட் தெருவில் நாற்காலிகள் வெளியே வந்து, வைன் கோப்பைகளும் கிதார் ஒலியும் நிறைந்திருந்தன. பழைய பலகைகளைத் துடைத்து அப்படியே விட்டிருந்தார்கள்.

ஓர் உணவகத்தில் பரிமாறிய பையன் எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழில் பேசினான். மதுரைப் பக்கம். "கடை மூடின பிறகுதான் எங்களுக்குச் சாப்பாடு, அங்கிள்" என்றான். என் மனைவி அவனை "கல்யாணம் ஆயிடுச்சாப்பா?" என்று விசாரிக்க, ஊர்க்கடன் அடைத்த பிறகுதான் என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்கு ஓடினான். இன்று அந்தத் தெருவின் இரவைத் தாங்குகிறவர்கள் இந்தியா, நேபாளம், பிலிப்பைன்ஸிலிருந்து வந்த இளைஞர்கள். அவர்களுடைய கதையையும் இன்னொரு தலைமுறை கழித்துத்தான் யாரேனும் தேடி எழுத வேண்டுமா?

1980இல் யுனெஸ்கோ வலெட்டாவை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அரண்மனைகளும் கோட்டைகளும் தேவாலயங்களும் அதற்குத் தகுதியானவை. ஆனால் அந்த ஊரை வாழவைத்தவர்கள் துடுப்பு வலித்த அடிமை, லேஸ் பின்னிய பெண், டோக்கன் எண்ணிய பெண், சாக்ஸபோன் வாசித்த பட்டறைத் தொழிலாளி. போகிறவர்களிடம் நான் கேட்பது இதுதான்: கதீட்ரலுக்குக் கொடுக்கும் நேரத்தில் பாதியையாவது ஸ்ட்ரெயிட் தெருவுக்குக் கொடுங்கள். கீழ்முனையிலிருந்து மேலே நடந்து, ஒவ்வொரு பலகையையும் படியுங்கள். உங்களுக்குப் பரிமாறுகிறவரின் பெயரைக் கேளுங்கள். அந்தத் தெருவின் வரலாற்றில் விடுபட்டவை அந்தப் பெயர்கள்தான்.